முப்பது ஆண்டுக் கல்லறை

சென்ற இதழில் பார்த்த சில்பரிக் குன்றின் அருகே நின்று தெற்கே திரும்பினால், கென்னட் ஆற்றுக்கு அப்பால், உயர்ந்த நிலத்தின் முதுகில் ஒரு நீண்ட மேடு படுத்திருப்பது தெரியும். இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் உள்ள வெஸ்ட் கென்னட் நீள்மேடு அது. ஏறக்குறைய 100 மீட்டர் நீளம். கிழக்கு முனையில் மட்டும் ஓர் ஆள் நிமிர்ந்து நடக்கத்தக்க கல் வழி உள்ளே போகிறது. அதன் இருபுறமும் இரண்டிரண்டாக நான்கு அறைகள், கடைசியில் ஓர் அறை, ஆக மொத்தம் ஐந்து. வழிகாட்டி நூல்கள் இதைப் புதிய கற்காலக் கல்லறை என்கின்றன. சொல் தவறில்லை, அங்கே மனிதர்களைக் கிடத்தினார்கள் என்பதில் ஐயம் கிடையாது. ஆனால் அந்தச் சொல் இந்த மேட்டின் இடத்தில் ஒரு சிறு மூலைக்கும், காலத்தில் அதைவிடச் சிறிய ஒரு துண்டுக்கும்தான் பொருந்துகிறது. மேட்டின் நெடிய வாழ்வில் கல்லறையாக அது இருந்த காலமே மிகக் குறுகியது. அதை வைத்தே முழு மேட்டையும் பெயரிட்டு விளங்கிக்கொள்ளப் பார்ப்பதால்தான் நாம் பலவற்றைத் தவறவிட்டோம். இந்த இதழில் நான் நிறுவ முயல்வது இதைத்தான்.

முதலில் இடத்தை அளந்து பார்ப்போம். வாசலிலிருந்து கடைசி அறையின் பின்சுவர் வரை சுமார் 12 மீட்டர். அதாவது மேட்டின் நீளத்தில் எட்டில் ஒரு பங்குதான் இறந்தவர்களுக்கானது. மீதி முழுவதும், இருபக்கமும் அகழி தோண்டி எடுத்த வெண்சுண்ணத்தைக் குவித்த வெறும் மேடு. அதற்குள் ஓர் அறையும் இல்லை. பிணங்களைக் கிடத்துவது மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால் இவ்வளவு மண் தேவையே இல்லை. புல் மூடாத புதிதில், ஆற்றுப் பள்ளத்தாக்கில் எங்கிருந்து பார்த்தாலும் அது வானத்தை ஒட்டி ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்திருக்கும். கட்டியவர்கள் அதைத்தான் விரும்பினார்கள் என்று நினைக்கிறேன். இறந்தவர்களை மறைத்து வைக்க வேண்டும் என்பதைவிட, இந்த நிலத்தில் எங்களவர் கிடக்கிறார்கள் என்று உயிரோடு இருப்பவர்களுக்கு உரக்கச் சொல்ல வேண்டும் என்பதே அவர்களுக்குப் பெரிதாக இருந்திருக்கிறது. இன்னொரு சிறு செய்தியும் இங்கே கவனிக்கத்தக்கது. அறைகளைத் தாங்கும் கற்கள் சார்சன் எனப்படும் கெட்டி மணற்பாறைகள். அவற்றில் ஒன்றின் முகம் கால்பட்ட படிக்கட்டுபோல வழுவழுப்பாக இருக்கிறது. கற்கோடரிகளைத் தீட்டித் தீட்டி வந்த தேய்மானம் அது. சுவராக நிற்பதற்கு முன்பு அந்தக் கல் திறந்தவெளியில் சாணைக்கல்லாக இருந்திருக்கிறது. பலர் கை வைத்துப் பழகிய ஒரு கல்லைத் தேர்ந்து கொண்டுவந்து சுவரில் நிறுத்தியிருக்கிறார்கள். ஆக, இந்த மேடு வேறு பயன்பாட்டுக்கு மாறுவது கட்டி முடித்த பிறகு தொடங்கவில்லை. கட்டுவதே ஒரு பழைய பயன்பாட்டை எடுத்து மாற்றியமைப்பதாகத்தான் இருந்தது.

அடுத்தது காலம். இங்கே அகழாய்வின் கதையைச் சொல்லாமல் நகர முடியாது, ஏனெனில் எதைத் தேடித் தோண்டினார்களோ அதுவே கிடைத்ததன் பொருளையும் முடிவு செய்தது. 1859-இல் இங்கே முதன்முதலாக முறையாகத் தோண்டியவர் ஜான் தர்னம். வில்ட்ஷயர் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளரான மருத்துவர் அவர். மண்டையோடுகளின் வடிவத்தைக் கொண்டு பழங்கால மக்களை இனம் பிரித்துவிடலாம் என்று அந்தக் காலத்து அறிஞர் பலரும் நம்பினார்கள், தர்னமும் நம்பினார். நீள்மேட்டில் நீள் மண்டை, வட்டமேட்டில் வட்ட மண்டை என்பது அவர் வகுத்த சூத்திரம். கடைசி அறையைத் திறந்து ஐந்து பெரியவர்கள், ஒரு குழந்தை என ஆறு பேரின் எலும்புகளைக் கண்டார். வழியின் இருமருங்கிலும் இருந்த நான்கு அறைகள் அவர் கண்ணில் படவே இல்லை. அவற்றை மண்ணும் சுண்ணக் கற்களும் கூரைவரை அடைத்திருந்தன. அந்த அடைப்பு அவருக்கு வெறும் தடங்கல். இதில் ஒரு நன்மையும் விளைந்தது. நூறு ஆண்டுகள் கழித்து, 1955-56-இல் ஸ்டூவர்ட் பிகட்டும் ரிச்சர்ட் அட்கின்சனும் வந்து தோண்டியபோது அந்த நான்கு அறைகளும் கலையாமல் இருந்தன. அடைத்த மண்தான் அவற்றைக் காப்பாற்றி வைத்திருந்தது.

அடைப்புக்கு அடியில், தரையோடு தரையாக இருந்தவை முதற்கால எலும்புகள். ஆண், பெண், குழந்தை என எல்லோரும் இருந்தார்கள்; அண்மைக் கணக்கின்படி குறைந்தது 36 பேர். சிலருடைய உடல்கள் கைகால் மடக்கிய நிலையில், எலும்புகள் ஒன்றோடொன்று பொருந்தியவாறு கிடந்தன. மற்றவர்களுடைய எலும்புகள் ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தன. புதிதாக வருபவருக்கு இடம் தர முன்னவரை நகர்த்தியிருக்கிறார்கள். ஒரு முதியவரின் தொண்டைப் பகுதியில் இலை வடிவத் தீக்கல் அம்புமுனை ஒன்று கிடந்தது. அவர் நோயில் படுத்து இறக்கவில்லை. இதையெல்லாம்விட முக்கியமானது பிகட் கவனித்த ஒரு குறை. எலும்புகளை எண்ணிப் பார்த்தால், இருக்க வேண்டிய மண்டையோடுகளிலும் தொடை, கை நீளெலும்புகளிலும் பல இல்லை. அவற்றுக்குரிய முதுகெலும்புத் துண்டுகளும் விரல் எலும்புகளும் மட்டும் தங்கியிருக்கின்றன. உடல் இங்கேயே மக்கியிருக்கிறது; பிறகு யாரோ உள்ளே வந்து பெரிய எலும்புகளை மட்டும் எடுத்துப் போயிருக்கிறார்கள். அவை எங்கே போயின என்பதற்கு உறுதியான விடை இல்லை. ஆனால் வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள விண்ட்மில் ஹில், ஒன்றுக்குள் ஒன்றாக அகழிகள் வளைத்த கூடுமிடம்; அங்கே அகழிகளில் மனித எலும்புத் துண்டுகள் சிதறிக் கிடைத்துள்ளன. அதுவும் இந்த மேட்டின் காலத்தை ஒட்டியதே. அப்படியானால், கல்லறையாக இருந்த நாளிலேயே இது இறந்தவர்களின் இறுதி இருப்பிடமாக இல்லை. எலும்புகள் உள்ளே வந்து, கிடந்து, மீண்டும் உயிருள்ளவர்களின் நடுவே புறப்பட்டுப் போகும் ஒரு நடுவழி நிலையமாக இருந்திருக்கிறது. கல்லறை என்னும் சொல் இங்கேயே தளர்ந்துவிடுகிறது.

எத்தனை காலம் இப்படி நடந்தது? ஆயிரம் ஆண்டு என்றுதான் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். தரையில் கிடந்த எலும்புகளுக்கும் மேல் மண்ணில் கிடந்த பானையோடுகளுக்கும் இடையே பல நூற்றாண்டு வேறுபாடு தெரிந்ததால், அவ்வளவு நாளும் தலைமுறை தலைமுறையாக இங்கே பிணங்களை வைத்துவந்தார்கள் என்று கொண்டார்கள். 2007-இல் வெளியான ஆய்வு இதைப் புரட்டிப் போட்டது. அலெக்ஸ் பேலிஸ், அலஸ்டேர் விட்டில், மைக்கேல் வைசோக்கி மூவரும் எலும்புகளின் ரேடியோ கார்பன் அளவீடுகளைப் பேயஸ் புள்ளியியல் முறையில் கோத்துப் பார்த்தார்கள். தனியாக எடுத்தால் ஓர் எலும்பின் ரேடியோ கார்பன் கணக்கு, இன்ன நூற்றாண்டுகளுக்குள் எங்கோ என்று மட்டுமே சொல்லும். ஆனால் எந்த எலும்பு எதற்குக் கீழே கிடந்தது, எது உடலோடு பொருந்தியிருந்தது, எந்தெந்த எலும்புகள் ஒரே கட்டத்தைச் சேர்ந்தவை என்பதை அகழாய்வுக் குறிப்புகள் சொல்கின்றன. இந்த வரிசையை அளவீடுகளோடு சேர்த்தால், ஒன்றோடொன்று ஒத்துவராத சாத்தியங்கள் உதிர்ந்து, கணக்கு இறுகுகிறது. அவர்களுடைய முடிவு இது: மேடு கட்டப்பட்டது கி.மு. 37-ஆம் நூற்றாண்டின் நடுவில், பெரும்பாலும் கி.மு. 3670-க்கும் 3635-க்கும் இடையில்; முதற்காலப் பிணங்கள் வைக்கப்பட்டது வெறும் 10 முதல் 30 ஆண்டுகள். கட்டும்போது கல் இழுத்த இளைஞன் ஒருவன், கடைசிப் பிணம் உள்ளே போனதைத் தன் கண்ணாலேயே பார்த்திருக்க முடியும்.

இதை மறுப்பவர்களின் வாதங்களை எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது. முதல் மறுப்பு, புள்ளியியல் முறையே காலத்தைச் சுருக்கிவிடுகிறது என்பது. எல்லாம் ஒரே கட்டம் என்று முன்கூட்டி எடுத்துக்கொண்டால், விடையும் சிறிய கட்டமாகத்தானே வரும்? நியாயமான கேள்வி. ஆனால் இந்த முறையின் பலனை வேறு சான்றோடு ஒப்பிட ஓரிடத்தில் வாய்ப்பு அமைந்தது. குளோஸ்டர்ஷயரில் உள்ள ஹேசில்டன் நார்த் என்னும் அறைமேடும் ஏறக்குறைய இதே காலத்தது. பேயஸ் முறை அதற்கும் சில தலைமுறைக் காலமே தந்திருந்தது. 2021-இல் அங்கே கிடைத்த 35 பேரின் மரபணுக்களைப் படித்தபோது, 27 பேர் ஐந்து தலைமுறைகள் கொண்ட ஒரே குடும்பக் கொடியில் அமர்ந்தார்கள். கரிமத்தின் கணக்கு வேறு, பிறப்பின் கணக்கு வேறு. இரண்டும் தொடர்பே இல்லாத வழிகள். இரண்டும் ஆயிரம் ஆண்டு என்ற பக்கம் போகவில்லை. நூறாண்டு அளவிலேயே நின்றன. இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. எலும்புகளை அள்ளிக்கொண்டு போகும் வழக்கம் இருந்தது என்று நானே மேலே சொன்னேன். அப்படியானால் பிற்காலத்தவர் எத்தனையோ பேரை வைத்து அள்ளியிருக்கலாம், நம்மிடம் மிஞ்சியது ஒரு தலைமுறை மட்டும்தானோ? இதற்கு விடை எலும்புகள் கிடந்த நிலையில் இருக்கிறது. இந்த 36 பேர் கிடந்தது தரைமட்டத்தில். இவர்களுக்குப் பின் வந்தவர்களை இவர்கள் மேல்தான் கிடத்தியிருக்க வேண்டும். மேலே கிடந்தவர்களை விரல் எலும்புகூட விடாமல் துடைத்தெடுத்துவிட்டு, அடியில் பொருந்திக் கிடந்த உடல்களை அப்படியே விட்டார்கள் என்று நம்ப எனக்கு வழி தெரியவில்லை. முன்பக்கம் சில ஆண்டுகள் கூடலாம். தொடக்கத்தில் வைத்தவர்களை முற்றிலும் அகற்றியிருந்தால் அதை நாம் அறிய முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பின்பக்கம் கூட்டுவதற்கு இடமில்லை.

முப்பது ஆண்டு என்று ஏற்றுக்கொண்டால் வேறொரு கணக்கும் விழுகிறது. 36 பேரை 30 ஆண்டில் வகுத்தால் ஆண்டுக்கு ஒருவருக்குச் சற்று மேல்; 10 ஆண்டு என்றால் மூன்று, நான்கு பேர். இவ்வளவு பெரிய மேட்டை எழுப்பத் திரண்ட கூட்டத்தில் இறந்தவர்கள் இவ்வளவு பேர்தானா? நூறு மீட்டர் சுண்ணம் குவிக்கவும் டன் கணக்கில் எடையுள்ள கற்களை இழுத்து நிறுத்தவும் வந்தவர்கள் பல குடும்பங்களாக இருந்திருக்க வேண்டும். உள்ளே இடம் கிடைத்ததோ அவர்களில் சிலருக்கு மட்டும். அந்தச் சிலர் யார் என்பதற்கு வெஸ்ட் கென்னட்டில் இன்னும் தெளிவான விடை கிடையாது. ஆனால் வேலைக்கும் பயனுக்கும் இடையே உள்ள இந்த ஏற்றத்தாழ்வு, முதலில் சொன்னதை மீண்டும் வலுப்படுத்துகிறது. பிணங்கள் மேட்டுக்கு உயிர் கொடுத்தன. மேடு பிணங்களுக்காக மட்டும் எழவில்லை.

பிறகு ஒரு மௌனம். நூறு ஆண்டுக்குச் சற்று மேல் உள்ளே யாரும் எதையும் வைத்ததற்கு அடையாளமே இல்லை. அதன்பின் தொடங்கியது மேட்டின் மிக நீண்ட பயன்பாடு. அதைத்தான் நூல்கள் அடைப்பு என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகின்றன. அறைகளில் வெண்சுண்ணக் கல்லும் கரிய மண்ணும் அடுக்கடுக்காக நிரம்பின. அவற்றுக்குள் பானையோடுகள், மணிகள், எலும்புக் கருவிகள், விலங்கெலும்புகள், கூடவே குழந்தைகளின் எலும்புகள். பானைகள் ஒரே காலத்தவை அல்ல. கயிற்றையும் எலும்பு முனையையும் ஈரக் களிமண்ணில் அழுத்தி அணி செய்த பீட்டர்பரோ வகை இருக்கிறது. கோடு கீறிய வகை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் பிந்திய பீக்கர் என்னும் நெடுங்குவளை வகையும் இருக்கிறது. பிகட் இதற்கு ஓர் எளிய விளக்கம் வைத்திருந்தார். எங்கோ ஒரு சடங்கு மனையில் பல காலமாகச் சேர்ந்திருந்த பொருள்களை ஒரே நாளில் வாரிக்கொண்டு வந்து அறைகளை நிரப்பி மூடிவிட்டார்கள் என்பது அது. பானை வகைகள் கலந்து கிடந்ததற்கு அது பொருந்தும். ஆனால் அப்படி வாரிக் கொட்டிய குவியலில் காலவரிசை குலைந்து போயிருக்க வேண்டும். இங்கே பெரும்பாலும் பழையது கீழும் புதியது மேலுமாகவே அமைந்திருக்கிறது. நிரப்பில் கிடைத்த எலும்புகளின் கரிமக் கணக்கும் பல நூற்றாண்டுகளுக்கு நீண்டு, கி.மு. மூன்றாம் ஆயிரத்தின் பின்பாதிவரை வருகிறது. தொடக்கம் எப்போது என்பதில் மட்டும் கணக்கு தளர்கிறது. அந்த நூற்றாண்டுகளில் ரேடியோ கார்பன் அளவுகோலின் வளைவு தட்டையாக ஓடுவதால், கி.மு. 3620-இலிருந்து 3240 வரை எங்கும் அது தொடங்கியிருக்கலாம். ஆகவே இடைப்பட்ட மௌனம் நான் சொன்னதைவிடக் குறைந்திருக்கக்கூடும் என்று ஒருவர் வாதிட இடமுண்டு. அதையும் ஏற்றுக்கொண்டு பார்த்தாலும், பத்து முப்பது ஆண்டுக்கு எதிரே எட்டு நூறு, ஆயிரம் ஆண்டு நிற்கிறது.

அந்த ஆயிரம் ஆண்டையும் 'மூடுவது' என்ற சொல்லில் அடக்குவது முறையா? மூட நினைத்தவர்கள் ஒரு கோடையில் மூடிவிடுவார்கள். இவர்கள் செய்தது வேறு. எப்போதோ ஒருமுறை வந்து, கொஞ்சம் சுண்ணம் போட்டு, உடைந்த பானையும் உண்டு மிஞ்சிய எலும்பும் சேர்த்து, சில வேளைகளில் ஒரு குழந்தையையும் கிடத்திவிட்டுப் போனார்கள். நிரப்புவதே அங்கு நடந்த வழிபாடு என்று சொல்லத் துணிகிறேன். அப்படியானால் இது முன்னோர் வழிபாடுதானே, பழைய கல்லறையின் தொடர்ச்சிதானே என்று கேட்கலாம். தொடர்ச்சி என்பதற்கு அவர்கள் அடியில் கிடந்தவர்களைத் தம்மவர் என்று அறிந்திருக்க வேண்டும். பல நூற்றாண்டுகளில் பானை வகை மாறியது, வீடு மாறியது, வேளாண்மை முறை மாறியது. இறுதியில் மக்களே மாறினார்கள். 2018-இல் வெளியான மரபணு ஆய்வின்படி, பீக்கர் பானைகளோடு கி.மு. 2450 வாக்கில் வந்தவர்களின் வரவுக்குப் பிறகு, சில நூறு ஆண்டுகளுக்குள் பிரிட்டனின் மரபணுத் தொகையில் ஏறக்குறைய 90 விழுக்காடு புதிதாகிவிட்டது. வெஸ்ட் கென்னட் நிரப்பின் மேலடுக்கில் இருப்பது அந்தப் பீக்கர் ஓடுகள்தான். அதைக் கொண்டுவந்து வைத்தவர், கீழே கிடந்த முதியவரின் வழித்தோன்றலாக இருந்ததற்கு வாய்ப்பு குறைவு. மரபு விட்டுப்போகாமல் வந்ததால் அவர் அங்கே வரவில்லை. அந்த மேடு அங்கே இருந்ததால் வந்தார். பழமையானது, பெரியது, யாருடையதோ என்று தெரியாதது. ஒரு புதிய குடிக்கு ஒரு பழைய நிலத்தோடு உறவு கொண்டாட அதுவே போதுமானதாக இருந்திருக்கும். இப்படிப் பார்க்கும்போது, மூன்று வெவ்வேறு கூட்டத்தார் மூன்று முறை இந்த மேட்டைத் தமதாக்கிக்கொண்டார்கள் என்றே சான்றுகள் சொல்கின்றன. ஒரு நீண்ட மரபு அறுபடாமல் ஓடியது என்று அல்ல.

நிரப்பிய பிறகு முகப்பின் குறுக்கே மாபெரும் சார்சன் கற்களை வரிசையாக நிறுத்தி வாசலை அடைத்தார்கள். நடுவில் நிற்கும் கல் ஆளுயரத்தின் இருமடங்கு. மேட்டின் பிந்திய காலங்களை விரைவாகக் கடந்துவிடலாம், ஆனால் அவையும் பயன்பாடுகளே. 17-ஆம் நூற்றாண்டில் ஜான் ஆப்ரி இதைப் பார்த்து வரைந்து வைத்தார். அதே காலத்தில் மார்ல்பரோவைச் சேர்ந்த மருத்துவர் டூப் என்பவர், ஏவ்பரிப் பகுதியில் மனித எலும்புகளைத் தோண்டியெடுத்து மருந்து செய்ததாக ஆப்ரிக்குத் தாமே எழுதினார். இந்த மேட்டையும் அவர் கிளறினார் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. அவருக்கு அது மருந்துக்கிடங்கு. தர்னத்துக்கு மண்டையோட்டுக் கிடங்கு. 1882-இல் பிரிட்டனில் தொல்சின்னங்களைக் காக்கும் முதல் சட்டம் வந்தபோது அதன் பட்டியலிலேயே வெஸ்ட் கென்னட்டும் இடம் பெற்றது. அதோடு அது நாட்டின் சொத்தானது போலாயிற்று. 1986-இல் ஸ்டோன்ஹெஞ்ச், ஏவ்பரியோடு சேர்ந்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. இன்று கிறித்தவத்துக்கு முந்திய வழிபாட்டை மீட்க விரும்புவோர் அறைகளுக்குள் பூவும் கதிரும் வைத்துவிட்டுப் போகிறார்கள். பீக்கர் ஓட்டை வைத்தவரைப் போலவே இவர்களும் அடியில் கிடந்தவர்களுக்கு உறவினர் அல்லர். அந்த ஒற்றுமையை நான் மரியாதையோடுதான் குறிப்பிடுகிறேன்.

ஆனால் எல்லா மாற்றங்களிலும் பெரிய மாற்றத்தைச் செய்தது 1956-இன் சீரமைப்பு. பிகட்டும் அட்கின்சனும் அறைகளை நிரப்பியிருந்த மண்ணை அள்ளி வெளியே போட்டார்கள். ஆராய்வதற்கு வேறு வழி கிடையாது, அந்த வேலையை அவர்கள் மிகுந்த பொறுப்போடு செய்தார்கள் என்பதற்கு அவர்கள் விட்டுச்சென்ற குறிப்புகளே சாட்சி. 2007-இன் கணக்கே அந்தக் குறிப்புகளின் மேல்தான் நிற்கிறது. பிறகு பார்வையாளர்களுக்காகக் கூரையைச் சரிசெய்து, வெளிச்சம் விழக் கண்ணாடி பதித்து, காலியான அறைகளைத் திறந்து வைத்தார்கள். முகப்பில் சாய்ந்து கிடந்த அடைப்புக் கற்களைத் தூக்கி நிறுத்தினார்கள். இன்று அங்கே போகிறவர் அந்தப் பெருங்கல்லின் ஓரமாகச் சுற்றி நுழைந்து, பின்னால் திறந்திருக்கும் வழியில் நடந்து, ஐந்து அறைகளையும் பார்க்கிறார். திறந்த அறைகள் கி.மு. 37-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றை மறைத்து நிற்கும் கல், அதற்கு ஆயிரம் ஆண்டுக்குப் பிந்தியது. நடுவே இருந்த மண், அதாவது மேட்டின் மிக நீண்ட காலம், அங்கே இல்லை. அந்தக் கல் அங்கே நின்ற நாளில் அறைகள் கூரைவரை நிறைந்திருந்தன; அறைகள் திறந்திருந்த நாளில் அந்தக் கல் இல்லை.

(ஹேசில்டன் நார்த் மேட்டின் குடும்பக் கொடியை அடுத்த இதழில் பார்ப்போம்.)